மார்ச் மாதத்துப் பாட்டு

ஜப்பானில் பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. மார்ச்சில் ஒரு காலை, பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு நிறைவு விழா நடத்துவார்கள். ஓரமாகப் பள்ளி பேண்டு உட்கார்ந்திருக்கும்: புல்லாங்குழல், கிளாரினெட், சாக்ஸபோன், டிரம்பெட், ஹார்ன், டிராம்போன், யூபோனியம், டியூபா, டிரம்ஸ். படிப்பை முடித்தவர்கள் உள்ளே வரும்போது ஒரு பாட்டு, வெளியே போகும்போது ஒரு பாட்டு. இடையில் தேசிய கீதமும் பள்ளிப் பாடலும். அந்த இரண்டும் எப்போதோ முடிவானவை. உள்ளே வருவதற்குக் கம்பீரமான ஒரு நடையிசை போதும். வெளியே போகும் பாட்டுதான் கேள்வி. பெரும்பாலும் அது ஒரு பாப் பாட்டு.

*

யார் வாசிக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நடுநிலைப் பள்ளி மூன்று ஆண்டு, மேல்நிலைப் பள்ளி மூன்று ஆண்டு. பல பள்ளிகளில் கோடைக்காலப் போட்டி முடிந்ததும் மூன்றாம் ஆண்டுக்காரர்கள் பேண்டிலிருந்து விலகி, நுழைவுத் தேர்வுக்குப் படிக்கப் போய்விடுவார்கள். மார்ச்சில் ஊதுபவர்கள் மிச்சமுள்ள இரண்டு வகுப்புகள். முதல் டிரம்பெட் வாசித்தவள் இப்போது எதிரே, வழியனுப்பப்படுபவர்களின் வரிசையில் இருப்பாள். போன வருடம் அவள் தன் மூத்தவர்களுக்காக ஊதினாள். இன்று அவளுக்காக ஊதுபவர்கள் அவளிடம் விரல் வைக்கக் கற்றுக்கொண்டவர்கள்.

ஆகவே பாட்டைத் தேடும்போது ஆசிரியர் முதலில் பார்ப்பது தலைகளை. ஓபோ உண்டா? ஹார்ன் எத்தனை? வருடத்தின் மிக மெலிந்த பேண்டு இதுதான். பதிப்பாளர்களும் இதை அறிந்தவர்களே. பேண்டில் இல்லாத கருவியின் வரியை இசைத்தாளில் வேறொரு கருவிக்குச் சின்ன எழுத்தில் அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். ஓபோ இல்லாவிட்டால் அந்த வரியைக் கிளாரினெட் எடுத்துக்கொள்ளும். ஆள் குறைந்த பேண்டுக்கென்றே அமைத்த இசைத்தாள்களும் விற்கின்றன.

*

பேண்டில் வார்த்தை கிடையாது. நாகஸ்வரத்தில் கீர்த்தனை கேட்டுப் பழகியவருக்கு இதை விளக்க வேண்டாம். சாகித்யம் தெரிந்தவர் வாசித்தால், சாகித்யம் தெரிந்தவர் காதில் அது வார்த்தையாகவே விழும். ஜப்பானியப் பள்ளி பேண்டுகளிலும் கருவியைக் கையில் எடுக்கும் முன் மெட்டை வாயால் பாடச் சொல்வது வழக்கம். எங்கே மூச்சு விடுவது என்பதைச் சொற்கள் தீர்மானித்துவிடும்.

வார்த்தை போனால் நஷ்டமும் உண்டு. இப்போதைய ஜப்பானியப் பாடல்களில் ஒரே சுரத்தின் மேல் அசைகள் மளமளவென்று அடுக்கப்பட்டிருக்கும். பாடகர் அதைச் சொல்லாலும் குரலாலும் உயிரோடு வைத்திருப்பார். அதையே டிரம்பெட்டில் ஊதினால் தந்தி அடிப்பதுபோல் கேட்கும். நல்ல அமைப்பாளர் சரணத்தை ஆல்டோ சாக்ஸபோனுக்கோ கிளாரினெட்டுக்கோ தாழ்வாகக் கொடுத்து, பல்லவிக்கு மட்டும் பித்தளைக் கருவிகளைத் திறந்துவிடுவார். இந்தக் கலைக்கு ஜப்பானில் ஒரு பரம்பரையே உண்டு. 1972-இல் தொடங்கிய ‘நியூ சவுண்ட்ஸ் இன் பிராஸ்’ என்ற இசைத்தாள் வரிசையில் இவாய் நவோஹிரோ பாப் பாடல்களை பேண்டுக்கு அமைத்துக் கொடுத்தார். அந்தக் காகிதங்களில் பழகி வளர்ந்தவை ஜப்பானின் எத்தனையோ பள்ளி பேண்டுகள்.

*

பழைய பாட்டுகளை நினைத்துக்கொள்கிறேன்.

‘ஹோதாரு நோ ஹிகாரி’ 1881-ஆம் ஆண்டுத் தேதியிட்ட பள்ளிப் பாடல் தொகுப்பில் வந்தது. மெட்டு ஸ்காட்லாந்தின் ‘ஆல்ட் லாங் சைன்’. நூறாண்டுக்கு மேலாகப் பள்ளிகளில் ஒலிக்கும் இந்த மெட்டுக்கு நடுவில் ஒரு விபத்து நேர்ந்தது. 1949-இல் ‘வாட்டர்லூ பிரிட்ஜ்’ திரைப்படம் ஜப்பானுக்கு வந்தபோது, அதில் இதே மெட்டு மூன்று தாளத்தில் வால்ட்ஸாக இருந்தது. கோசெகி யூஜி அதை இசைத்தட்டுக்கு அமைத்தார். இன்று கடைகளை மூடும் நேரத்தில் ஒலிபெருக்கியில் கேட்பது அந்த வால்ட்ஸ். பள்ளியில் வாசிப்பது நான்கு தாளம். ஒரு தாளம்தான் வித்தியாசம். ஆனாலும் பல்பொருள் அங்காடியில் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு ‘கல்லா மூடப்போகிறது’ என்றுதான் முதலில் தோன்றும்.

‘அவோகெபா தோதோஷி’ 1884. அதன் மெட்டு யாருடையது என்று நெடுங்காலம் தெரியாமல் இருந்தது. 2011-இல் சகுராய் மசாதோ என்ற பேராசிரியர் அதன் மூலத்தைக் கண்டெடுத்தார்: 1871-இல் அமெரிக்காவில் அச்சான ஒரு பள்ளிப் பாடல், அதுவும் பள்ளியின் கடைசி நாளைப் பற்றியதே. தைவானிலும் இம்மெட்டு வேறு வரிகளோடு பள்ளி விழாக்களில் பாடப்பட்டது. ஜப்பானிலோ, ஆசிரியரின் பெருமையையும் உலகில் பெயரெடுப்பதையும் பேசும் அதன் வரிகள் காலத்துக்கு ஒவ்வாதவையாகப் படத் தொடங்கி, பல பள்ளிகள் அதைக் கைவிட்டன.

*

அந்தப் பழைய பாட்டுகளின் இடத்துக்கு வந்தவற்றுள் ஒன்றின் கதை எனக்குப் பிடிக்கும். 1991, சைதாமா மாநிலம், சிச்சிபு ஊரின் காகெமோரி நடுநிலைப் பள்ளி. படிப்பை முடித்துப் போகும் பிள்ளைகளுக்கு ஏதாவது தர வேண்டும் என்று இசை ஆசிரியை சகாமோட்டோ ஹிரோமி, தலைமையாசிரியர் கொஜிமா நொபோருவிடம் பாட்டு எழுதித் தரக் கேட்டார். எனக்கு வராது என்றார் அவர். மறுநாள் காலை ஆசிரியையின் மேசையில் வரிகள் இருந்தன. அப்படிப் பிறந்தது ‘தபிதாச்சி நோ ஹி நி’. ஆசிரியர்கள் சேர்ந்து பிள்ளைகள் முன்னால் ஒருமுறை பாடிவிட்டு விட்டுவிடுவதாகத்தான் எண்ணம். தலைமையாசிரியர் அந்த ஆண்டோடு ஓய்வும் பெற்றார். பாட்டு நாடெங்கும் போய்விட்டது.

இது கூட்டாகப் பாடுவதற்குப் பிறந்த பாட்டு. குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில்தான் அதன் உயிர். பேண்டு அதை வாசிக்கும்போது எனக்கு ஏதோ குறைகிறது.

*

விழாவுக்கென்று எழுதாத பாட்டுகளே விழாவுக்கு நன்றாகப் பொருந்துகின்றன என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

‘ஒகுரு கொதோபா’, 1979. ‘கின்பாச்சி சென்செய்’ என்ற பள்ளித் தொலைக்காட்சித் தொடருக்கான பாட்டு. எழுதிய தகேதா தெத்சுயா அதில் வைத்தது தன் முறிந்த காதலை. ‘சான்கட்சு கோகோனோகா’, அதாவது மார்ச் 9: ரெமியோரோமென் குழுவினர் தங்கள் நண்பரின் திருமணத்துக்காக எழுதியது, 2004-இல் வெளியானது. அடுத்த ஆண்டு ஒரு தொலைக்காட்சித் தொடரில் வகுப்பு மாணவர்கள் அதைச் சேர்ந்து பாடினார்கள். அதன்பின் அது பள்ளிகளுடையது ஆகிவிட்டது.

தலைப்பிலேயே விழாவை வைத்திருக்கும் பாட்டுகளின் கதி வேறு. ஒசாகி யுதாகாவின் 1985-ஆம் ஆண்டுப் பாட்டுக்குப் பெயரே ‘சோத்சுக்யோ’, பள்ளி நிறைவு. உள்ளே இருப்பதோ இரவில் பள்ளிக் கண்ணாடிகளை உடைத்த கோபம். வார்த்தை இல்லாததால் பேண்டு வாசிக்கலாமே என்று குறும்பாக ஓர் எண்ணம் வரும். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர் தலைமுறைக்கு ஒவ்வொரு வரியும் மனப்பாடம் என்பது மறுகணம் நினைவுக்கு வந்துவிடும்.

யொனெசு கென்ஷியின் ‘லெமன்’ 2018-இல் எங்கும் ஒலித்தது. பேண்டுக்கும் இசைத்தாள் கிடைக்கிறது, மெட்டும் அழகு. ஆனால் அது இறந்தவரை நினைத்துத் துக்கம் காக்கும் பாட்டு. நாளை வேறு பள்ளிக்குப் போகிறவர்களை அப்படி வழியனுப்பக் கூடாது.

*

குளிர். இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

மார்ச்சில் கூடம் சில்லென்று இருக்கும். வெப்பநிலை ஒரு டிகிரி இறங்கினால் காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 0.6 மீட்டர் குறைகிறது. ஊதுகருவியின் சுருதியும் கூடவே இறங்கும். தட்டி வாசிக்கும் கிளாக்கன்ஸ்பீலின் எஃகுத் தகடுகளோ குளிரில் இம்மியளவு ஏறவே செய்யும். இரண்டும் சேர்ந்து வாசித்தால் காது கூசும்.

அதைவிட மோசம் காத்திருப்பு. உள்வரும் பாட்டு முடிந்ததும் பெயர்களை ஒவ்வொன்றாக அழைத்துச் சான்றிதழ் கொடுப்பார்கள், பிறகு உரைகள். அவ்வளவு நேரமும் கருவிகள் மடியில் குளிர்ந்துகொண்டிருக்கும். சத்தமில்லாமல் உள்ளே வெதுவெதுப்பான மூச்சை ஊதி ஊதி வைத்திருப்பார்கள் பிள்ளைகள். திடீரென்று சைகை வரும், வாசிக்க வேண்டும். அந்த நேரத்தில் தனிப் புல்லாங்குழலோ, உச்ச ஸ்தாயி டிரம்பெட்டோ மெல்லத் தொடங்கும் பாட்டு கொடுமை. எல்லோரும் நடுத்தர ஸ்தாயியில் சேர்ந்து நுழையும் தொடக்கம் வேண்டும். கிட்டார்காரர்களுக்குப் பிடித்த ஸ்கேலிலிருந்து பி-பிளாட், இ-பிளாட் பக்கம் மாற்றி எழுதியிருந்தால் இன்னும் நல்லது. இந்தக் கருவிகளுக்கு அதுதான் வீடு.

*

வகுப்பு வகுப்பாக எழுந்து நடந்து போவார்கள். பாட்டு நான்கு நிமிடம் என்றால் நடை அதற்குள் முடியாது. கடைசி மாணவர் கதவைத் தாண்டும்வரை சுற்றிச் சுற்றி வாசிக்க வேண்டும். ஜப்பானியப் பாடல்களுக்குக் கடைசிப் பல்லவியில் ஸ்கேலை அரைப்படியோ முழுப்படியோ ஏற்றும் ஆசை அதிகம். மேடையில் அது கைதட்டல் வாங்கும். இங்கே, ஏற்றிய பின் மறுபடி முதல் சரணத்துக்கு இறங்கினால் படியில் கால் தவறினதுபோல் இருக்கும். ஏற்றத்தை வெட்டிவிட்டு, இடையிசையிலிருந்து தொடக்கத்துக்குத் திரும்புவதே நல்லது என்பேன்.

*

2020 பிப்ரவரி 27 அன்று, கொரோனா பரவலால், அப்போதைய பிரதமர் அபே மார்ச் 2 முதல் பள்ளிகளை மூடச் சொன்னார். அந்த மார்ச்சில் பல இடங்களில் விழா சுருங்கியது, இளைய மாணவர்கள் வரவில்லை, பாட்டை ஒலிபெருக்கியில் போட்டார்கள். பதிவில் பாடகர் பிசிறில்லாமல்தான் பாடியிருப்பார். ஆனால் நடந்துபோகிறவளுக்குத் தெரிந்த ஒருவர்கூட அதில் ஊதவில்லை.

*

செர்ரிப் பூவைப் பெயரில் வைத்த பாட்டுகள் மொரியாமா நவோதாரோ (2003), கொபுகுரோ (2005), இகிமோனோககாரி (2006) என்று நீள்கின்றன. விழா நாளில் டோக்கியோவில் அந்த மரங்கள் பெரும்பாலும் மொட்டையாகவே நிற்கும். ஹொக்கைதோவில் பூ வர மே மாதம் ஆகலாம். இருந்தும் எல்லோரும் இவற்றையே வாசிக்கிறார்கள்.

என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ‘சான்கட்சு கோகோனோகா’. நடப்பதற்கு ஏற்ற நிதானம், நெஞ்சைப் பிழியாத மெட்டு, பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் பொதுவான பழக்கம். இரண்டாம் ஆண்டு மாணவர்கள் வேறு புதுப் பாட்டு வேண்டும் என்று வந்து நின்றால் அதையே போட்டுவிடுவேன். மூத்தவர்கள் எதை முணுமுணுத்துக்கொண்டு திரிந்தார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.