ஓட்டை விழுந்த நோட்டு

பெஞ்சமின் பிராங்கிளின் இளம் அச்சுக்காரராக இருந்த காலத்தில் ஒரு சின்ன நோட்டுப் போட்டார். அதில் 13 நற்குணங்கள்; வாரத்துக்கு ஒன்றில் முழுக் கவனம். இரவானால் அன்றைய தவறுகளுக்குக் கறுப்புப் புள்ளி. 13 வாரத்தில் ஒரு சுற்று முடியும், மறுபடி முதலிலிருந்து. தன்னிடம் இத்தனை குறைகளா என்று அவரே திகைத்தார். ஒழுங்கு மட்டும் கடைசிவரை வசப்படவில்லை. ஆனாலும் புள்ளிகள் குறைவதைக் கண்டு மகிழ்ந்ததைச் சுயசரிதையில் மறைக்காமல் எழுதினார்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. புதுச் சுற்றுக்காகப் பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டி அந்த நோட்டே ஓட்டையாகிவிட்டது. எத்தனை முறை அழித்து, எத்தனை முறை தொடங்கியிருப்பார்! பிறகு தந்தத்தாலான ஏடுகளுக்கு மாறினார். பென்சிலால் குறித்து, ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு, அடுத்த சுற்றுக்கு உட்கார்ந்தார்.