வெற்றுத் தாளில் கையெழுத்து

2024 ஜூலை 4 அன்று நடந்த பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தேர்தலில், கிழக்கு லண்டனின் இல்ஃபோர்டு வடக்குத் தொகுதியில் தொழிற்கட்சியின் வெஸ் ஸ்ட்ரீட்டிங் 528 ஓட்டில் தப்பினார். மறுநாளே அவர் சுகாதார அமைச்சர். அவரை அந்த அளவுக்கு மூச்சுத் திணற வைத்தவர் எந்தப் பெரிய கட்சியையும் சேர்ந்தவர் இல்லை. லீன் முகமது என்ற 23 வயதுப் பெண், பாலஸ்தீன அகதிகளின் பேத்தி, அந்த வட்டாரத்திலேயே வளர்ந்தவர், சுயேச்சை. அவருடைய பிரசாரத்தின் மையம் காஸா. ஈழத் தமிழர் பலர் குடியிருக்கும் பகுதி என்பதால் இல்ஃபோர்டு என்ற பெயர் நம் காதுக்கும் புதிதல்ல.

இப்படி ஒருவர் நிற்கலாமா என்பதற்குச் சட்டத்தின் பதில் சுருக்கமானது. பிரிட்டனில் 18 வயதானால் போதும். 2006இல் வந்த சட்டத்துக்கு முன்பு 21 ஆக இருந்தது. தொகுதி வாக்காளர் பத்துப் பேர் கையெழுத்திட வேண்டும், 500 பவுண்டு டெபாசிட் கட்ட வேண்டும். பதிவான ஓட்டில் 5 சதவீதம் தேறாவிட்டால் அந்தப் பணம் போய்விடும். இதோடு சட்டம் ஒதுங்கிக்கொள்கிறது. நின்றது சரிதானா என்று அது கேட்பதில்லை.

ஊரும் கட்சிகளும் கேட்கின்றன. முதலில் வரும் குற்றச்சாட்டு, நம் ஊர் டீக்கடையிலும் வருவதுதான்: ஓட்டைப் பிரிக்க வந்தவர். இதை வெறும் வசை என்று தள்ளிவிட முடியாது. அதே தேர்தலில் தொழிற்கட்சி 400 இடங்களுக்கு மேல் வாரிக்கொண்டபோது, அதனிடமிருந்து கன்சர்வேட்டிவ் கட்சி பறித்தது ஒரே ஒரு தொகுதியைத்தான்: லெஸ்டர் கிழக்கு. அங்கே அத்தொகுதியின் முன்னாள் தொழிற்கட்சி உறுப்பினர்கள் இருவர் கட்சிக்கு வெளியே தனித்தனியாக நின்றார்கள். இருவரும் வாங்கிய ஓட்டைக் கூட்டினால் தோல்வியின் இடைவெளியைப் போல் இரு மடங்கு.

ஆனாலும் ‘பிரிப்பது’ என்ற சொல்லில் ஒரு திருட்டுத்தனம் இருக்கிறது. பாகம் பிரிக்க வேண்டுமானால் முதலில் பூர்வீகச் சொத்து இருக்க வேண்டும். எந்த வாக்காளரின் ஓட்டும் எந்தக் கட்சியின் பட்டாவிலும் இல்லை. போன தடவை போட்டவர் இந்தத் தடவையும் போடுவார் என்று கணக்கெழுதி வைத்தது கட்சியின் பிழை. அதற்கு 23 வயதுப் பெண்ணிடம் அபராதம் கேட்பது நியாயமில்லை. அந்த வேட்பாளரிடம் ஒன்றை மட்டும் எதிர்பார்க்கலாம். தனக்குப் போடும் ஓட்டால் மூன்றாமவர் உள்ளே வரக்கூடும் என்று தெரிந்தால் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜெயித்துவிடுவோம் என்று மட்டும் சொல்லி ஓட்டு வாங்குவது, வில்லங்கத்தை மறைத்து நிலம் விற்பதுதான்.

இதைவிடக் கனமான கேள்வி வேறு. கிடர்மின்ஸ்டர் ஊரின் மருத்துவமனையில் அவசர சிகிச்சைப் பிரிவு போய்விட்டது என்ற கோபத்தில், ஓய்வுபெற்ற மருத்துவர் ரிச்சர்ட் டெய்லர் 2001இல் வயர் ஃபாரஸ்ட் தொகுதியில் சுயேச்சையாக நின்றார். இளைய அமைச்சராக இருந்த தொழிற்கட்சி உறுப்பினரை 17,000 ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் வீழ்த்தினார். 2005இலும் வென்றார். மக்கள் அவரை அனுப்பியது ஓர் ஆஸ்பத்திரிக்காக. ஆனால் நாடாளுமன்றம் அவரை ஆஸ்பத்திரி பற்றி மட்டும் கேட்கவில்லை. போர், வரி, ஓய்வூதியம் என ஒவ்வொன்றுக்கும் கைதூக்கச் சொன்னது. கட்சி உறுப்பினர் எப்படி ஓட்டுப் போடுவார் என்பதை அவருடைய கட்சியின் தேர்தல் அறிக்கையும் கொறடாவும் ஓரளவுக்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள். சுயேச்சை கேட்பதோ வெற்றுத் தாளில் கையெழுத்து.

இங்கே கட்சிக்காரர்கள் மீசையை முறுக்கிக்கொள்ள வேண்டாம். 2024 நவம்பர் 29 அன்று, மரணம் நெருங்கிவிட்ட தீராத நோயாளிகள் மருத்துவ உதவியோடு உயிரை முடித்துக்கொள்ள அனுமதிக்கும் மசோதா காமன்ஸ் சபைக்கு வந்தது. கொறடா உத்தரவு கிடையாது, அவரவர் மனசாட்சிப்படி என்று விட்டார்கள். ஆதரவு 330, எதிர்ப்பு 275. சுகாதார அமைச்சரே எதிர்த்து ஓட்டளித்தார். அதாவது இல்ஃபோர்டு வடக்கின் ஓட்டு எதிர்ப்பில் விழுந்தது. ஐந்து மாதம் முன்பு அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள் சாவைப் பற்றி யோசித்தா போட்டார்கள்? அன்று ஒரு நாள் எல்லாக் கட்சிக்காரர்களும் சுயேச்சைகளாக இருந்தார்கள். ஆகவே வெற்றுத் தாள் எல்லோர் கையிலும் உண்டு. சுயேச்சையின் கையில் இருக்கும் தாள் இன்னும் பெரியது, அவ்வளவுதான். வயது இதில் பெரிய விஷயமில்லை. அன்று முடிவெடுக்க முடியாமல் தவித்தவர்களில் நரைத்த தலைகளுக்கும் பஞ்சமில்லை.

சொந்த ஊர் என்பதுதான் இதில் சிக்கலான சரக்கு. உள்ளூர் மாடு விலைபோகாது என்பார்கள். தேர்தலில் பல சமயம் நேர்மாறாக நடக்கிறது. கூடப் படித்தவர்களும் அப்பாவின் நண்பர்களும் தெருமுனைக் கடைக்காரரும் துண்டுப் பிரசுரத்தோடு கிளம்புகிறார்கள். ‘நம்ம வீட்டுப் பிள்ளை’ வாசலில் நிற்கும்போது மறுப்பது, கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவரிடம் வரமாட்டேன் என்று சொல்வதைப் போல ஆகிவிடுகிறது. பெரிய கட்சியின் வேட்பாளரிடம் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்கும் கேள்வியைப் பிள்ளையிடம் கேட்க வாய் வருவதில்லை. வரிக் கொள்கை என்ன என்று கேட்டால் மரியாதைக் குறைவோ என்று தோன்றுகிறது. அந்தக் கூச்சத்தை முதலாக்கி ஓட்டு வாங்கும் வேட்பாளர் தவறு செய்கிறார், அவருடைய நோக்கம் எவ்வளவு தூயதாக இருந்தாலும்.

2024 தேர்தலில் 650 இடங்களில் சுயேச்சையாக நின்று வென்றவர்கள் 6 பேர். அவர்களில் ஐந்து பேர் செப்டம்பரில் ‘சுயேச்சைக் கூட்டணி’ என்று ஓர் அணி அமைத்தார்கள். இந்தியாவில் என்றால், சுயேச்சையாக வென்றவர் பிறகு கட்சியில் சேர்ந்தால் 1985இன் கட்சித்தாவல் தடைச் சட்டம் பதவியைப் பறித்துவிடும். அங்கே அப்படித் தடை இல்லை. கூட்டுச் சேர்வதில் குற்றமில்லைதான். யாரோடு உட்காருவேன், யாரோடு உட்காரவே மாட்டேன் என்பதை ஓட்டுக் கேட்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். அப்படி முன்பே சொன்னவரும் உண்டு. 1997இல் டாட்டன் தொகுதியில் ஊழல் புகாருக்கு ஆளான உறுப்பினரை எதிர்த்து நின்ற முன்னாள் பிபிசி செய்தியாளர் மார்ட்டின் பெல், ஒரே தவணைதான் என்று வாக்குக் கொடுத்தார். 2001இல் அங்கே அவர் நிற்கவில்லை. (வேறு தொகுதியில் நின்று தோற்றது வேறு கதை.)

இல்ஃபோர்டில் அந்தப் பெண் நின்றது சரி. ஓட்டுப் போட்ட 15,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு வேறு யார் வழியாகவும் சொல்ல முடியாத ஒன்று இருந்தது. ஜெயித்திருந்தால் அவருடைய கடன் அன்றுதான் தொடங்கியிருக்கும்.

உங்கள் வாசலுக்கும் ஒரு நாள் இப்படி ஒரு பிள்ளை வரலாம். உள்ளே கூப்பிட்டு உட்காரவையுங்கள், காபி கொடுங்கள். பிறகு, அவருடைய நோட்டீஸில் இல்லாத ஒரு விஷயத்தை எடுத்து, இதற்கு எந்தப் பக்கம் கைதூக்குவாய் என்று கேளுங்கள்.