பனியில் விளையாடலாமா?

மூத்தவளின் வகுப்பு 2009 ஆம் ஆண்டு மாசி மாதம் ஸ்கிலாகருக்குப் போனது. சுவிசில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வேறு நாடுகளில் இருக்கும் வாசகருக்காகச் சொல்கிறேன். குளிர்காலத்தில் பள்ளிக்கூடமே பிள்ளைகளை ஒரு கிழமைக்கு மலைக்குக் கூட்டிக்கொண்டு போகும். பகலில் பனிச்சறுக்கு, பின்னேரம் சறுக்குவண்டி, இரவில் பாட்டும் கூத்தும், பெரிய கிடாரத்தில் அவித்த மக்கரோனியும். இந்த நாட்டில் பிள்ளையாக இருந்தேன் என்று பிற்காலத்தில் சொல்வதற்கு அது ஒரு அத்தாட்சி மாதிரி. அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. கையெழுத்துக்காக ஒரு தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் தொலைக்காட்சியை நிறுத்துவதே இல்லை. வன்னியில் சனம் ஒரு துண்டு நிலத்துக்குள் நெருக்கப்பட்டு எறிகணைக்குள் கிடந்தது. மனைவியின் தமையன் குடும்பம் உள்ளே இருந்தது. நாங்கள் பேர்ணுக்கும் ஜெனீவாவுக்கும் ஊர்வலங்களுக்குப் போய்வந்துகொண்டிருந்தோம். நான் கையெழுத்து வைக்கவில்லை. "அங்க பிள்ளையள் சாகுதுகள், நீ பனியில விளையாடப் போறியோ?" என்று கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. தாளை எடுத்து மடித்துக்கொண்டு போனாள். அந்தக் கிழமை முழுவதும் வேறொரு வகுப்பின் கடைசி வாங்கில் இருந்து கணக்குச் செய்தாள்.

நான் செய்தது சரியா என்ற கேள்வி அன்றிலிருந்து என்னோடு இருக்கிறது. இது என் வீட்டுக் கதை மட்டும் என்று நான் நினைக்கவில்லை. எம்மவர் வீடுகள் பலவற்றில் இதே கேள்வி வேறு வேறு உருவங்களில் வந்திருக்கும். பிறந்தநாள் கொண்டாடலாமா, கடற்கரைக்குப் போகலாமா, வாய்விட்டுச் சிரிக்கலாமா என்று. மலை விடுமுறை அதன் ஆகக் கூர்மையான உருவம். ஏனென்றால் அங்கே மகிழ்வதைத் தவிர வேறொரு நோக்கமும் கிடையாது. ஏறுவது சறுக்குவதற்காக. சறுக்குவது மறுபடி ஏறுவதற்காக.

நான் மலையை அறிந்த விதத்தையும் சொல்லவேண்டும். 1991 மார்கழியில் கிறவுபுண்டன் மாநிலத்தின் மலையூர் ஒன்றில் ஒரு ஹொட்டேலில் கோப்பை கழுவச் சேர்ந்தேன். குசினி நிலத்துக்குக் கீழே. அதன் சின்ன யன்னல் பாதை மட்டத்தில் இருந்தபடியால் விருந்தாளிகளின் கால்கள் மட்டுமே எனக்குத் தெரியும். ஸ்கீச் சப்பாத்துப் போட்டவன் நடப்பது விலங்கு பூட்டியவன் நடப்பது போலிருக்கும். இவ்வளவு காசு கொடுத்து ஏன் இப்படி நடக்கிறார்கள் என்று யோசித்திருக்கிறேன். இரவில் ஃபொண்டுச் சட்டிகள் வரும். அடியில் பிடித்துக் கருகிய சீஸைச் சுரண்டுவதற்கு எந்த மெசினும் உதவாது, நகம்தான் உதவும். மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று மணித்தியாலம் இடைவேளை. டொச்சில் அதற்குப் பெயர் ஸிம்மர்ஸ்டுண்டே, அறை மணித்தியாலம். பெயருக்கேற்ற மாதிரி அறைக்குப் போய் விழுந்து படுப்போம். வெளியே வெயிலும் பனியும் சேர்ந்து உலகமெல்லாம் இருந்து ஆட்களை இழுத்துக்கொண்டிருக்கும். எங்களைக் கட்டில் இழுக்கும்.

ஓய்வு என்ற சொல்லைப் பற்றி அப்போதுதான் முதன்முதலாக யோசித்தேன். மழை ஓய்ந்தது, கை ஓய்ந்தது, ஆள் ஓய்ந்துபோனான் என்கிறோம். களைத்து நின்றுபோவதுதான் எமது ஓய்வு. ஓய்வுக்காகவே மனிதர் உழைக்கிறார்கள் என்ற கருத்தை அரிஸ்டோட்டில் எழுதிவைத்திருக்கிறார். அவருக்காக உழைக்க அடிமைகள் இருந்தார்கள். மார்க்ஸின் மருமகன் போல் லபார்க் 1880 இல் சோம்பியிருக்கும் உரிமையைப் பற்றி எழுதி, வேலைக்கான உரிமையைக் கேட்கும் தொழிலாளியைக் கேலி செய்தார். ஊரில் ஒரு வாசிப்பு வட்டத்தில் இதைக் கேள்விப்பட்டபோது நான் சிரித்திருக்கிறேன். ஸிம்மர்ஸ்டுண்டேயில் சிரிப்பு வரவில்லை.

குளிர்கால மலை விடுமுறை என்பது நெடுநாள் வழக்கமும் அல்ல. சென் மொறிற்ஸில் ஹொட்டேல் வைத்திருந்த யோஹானஸ் பட்றுட் 1864 இல், கோடைக்கு வந்திருந்த ஆங்கிலேயருடன் பந்தயம் பிடித்தாராம். குளிர்காலத்தில் வந்து பாருங்கள், பிடிக்காவிட்டால் பயணச்செலவு என்னுடையது என்று. வந்தவர்கள் ஈஸ்ரர் மட்டும் நின்றுவிட்டார்கள் என்பது கதை. மலைச் சனத்துக்கோ குளிர்காலம் விறகையும் மாட்டுக்கான காய்ந்த புல்லையும் எண்ணி எண்ணிச் செலவழிக்கும் காலம். உயரத்துச் சரிவுகளில் கோடையில் வெட்டிவைத்த புல்லைப் பனி விழுந்தபின் பெரிய சறுக்குவண்டிகளில் ஏற்றுவார்கள். முன்பக்கம் மாட்டுக் கொம்புபோல் வளைந்திருக்கும். அந்தக் கொம்புகளுக்கு நடுவில் ஒருவன் நின்று, குதிக்காலை ஊன்றி மறித்து மறித்துக் கீழே கொண்டுவருவான். கால் தவறினால் பாரம் அவன் மேலால் போகும். அந்தக் குடும்பத்து வண்டிதான் சிறுத்து விளையாட்டுச் சாமானாகியது. எமது கட்டுமரத்துக்கும் இதுதானே நடந்தது. வடமராட்சிக் கடலில் விடியப்புறம் தள்ளிய மரத்தின் பெயரைச் சுமந்துகொண்டு இன்று பணக்காரத் துறைமுகங்களில் வெள்ளைப் படகுகள் கட்டிக் கிடக்கின்றன.

1883 மாசியில் டாவோஸிலிருந்து குளோஸ்ரர்ஸை நோக்கி ஒரு சறுக்குவண்டிப் போட்டி நடந்தது. பல நாட்டவர் கலந்துகொண்ட முதற் போட்டி அது என்பார்கள். அவுஸ்திரேலிய மாணவர் ஒருவரும் குளோஸ்ரர்ஸ் ஊர்த் தபால்காரர் ஒருவரும் ஒரே நேரத்தில் வந்து முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். எனக்குப் பிடித்த சரித்திரத் துணுக்கு இது. அடுத்த நாள் தபால்காரர் தபாலோடு நடந்திருப்பார், மாணவர் நேரம் கழித்து எழும்பியிருப்பார் என்பது வேறு விஷயம்.

குசினியில் என்னோடு ஒரு போர்த்துக்கல்காரன் வேலை செய்தான். பருவத் தொழிலாளி. நான் குசினி என்றதும் அது தன்னுடைய சொல் என்று துள்ளினான். பிறகு கோப்பை துடைத்துத் துடைத்து இருவரும் சொற்கள் பொறுக்கினோம். மேசை, யன்னல், வாங்கு எல்லாம் அவனுடைய ஊரிலிருந்து கப்பலேறி வந்தவை. அலுமாரி என்றேன். அவனுடைய சிரிப்பு நின்றது.

1934 முதல் 2002 வரை இந்த நாட்டில் பருவத் தொழிலாளருக்கென ஒரு சட்ட ஏற்பாடு இருந்தது. ஆண்டில் ஒன்பது மாதம் வேலை செய்யலாம். மனைவி பிள்ளைகளைக் கொண்டுவரக்கூடாது. ஆனால் மனிதர் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்த பிள்ளைகளை அறைக்குள் மறைத்து வைத்தார்கள். யாராவது கதவு தட்டினால் அலுமாரிக்குள் போய் இருக்கப் பழக்கினார்கள். அலுமாரிப் பிள்ளைகள் என்றே டொச்சில் அவர்களுக்குப் பெயர். அவனுக்கு ஐந்து வயதில் ஒரு மகன். தாய் அதே ஊரில் அறைகள் துப்புரவு செய்தாள். பகல் முழுவதும் பிள்ளை யன்னல் சீலைக்குப் பின்னால் நின்று, பனியில் உருண்டு பிரளும் விருந்தாளிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும். இரவு ஊர் அடங்கியபின் தகப்பன் ஒரு கறுத்த குப்பைப் பையை விரித்து, அதில் பிள்ளையை இருத்தி, ஹொட்டேலின் பின்புறச் சரிவில் இழுத்துவிடுவான். ஒருநாள் நானும் கூட நின்றேன். சத்தம் போடக்கூடாது என்பது ஒப்பந்தம். அந்தப் பிள்ளை சத்தமில்லாமல் சிரிக்கப் பழகியிருந்தது.

அன்றிரவு நான் சுவிஸ் சட்டத்தைத் திட்டிய திட்டு கொஞ்சமல்ல. அந்தப் பிள்ளையைச் சட்டம் மறித்தது. பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு, கையில் முறையான அனுமதியோடு நின்ற பிள்ளையை நான் மறித்தேன்.

எனக்கு ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. இழவு வீட்டுக்காரன் கொண்டாட்டத்துக்குப் போகமாட்டான். எங்கள் ஊர் முறை அது. துடக்குக் காலத்தில் கோயிலுக்குப் போவதில்லை. அந்த ஆண்டு பொங்கலும் இல்லை, தீபாவளியும் இல்லை. இதில் நான் குறை காணவில்லை. செத்தவருக்கு நாம் செய்யும் மரியாதை, எங்கள் மகிழ்ச்சியில் ஒரு பங்கைக் கொஞ்ச நாளைக்கு ஒதுக்கிவைப்பதுதான். ஆனால் அந்த முறைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, ஆண்டு முடியத் திவசம். துடக்குக் கழிக்க நாள் வைத்தவர்கள், துக்கத்துக்குக் கரை கட்டாவிட்டால் அது இருப்பவரையும் கொண்டுபோகும் என்று அறிந்திருந்தார்கள். எங்கள் துக்கத்துக்கு அந்தியேட்டி கிடையாது. 1983, 1987, 1990, 1995 என்று ஒன்றின் துடக்குக் கழியமுன் மற்றது வந்தது. பிள்ளைகள் அந்தத் துடக்கிலேயே பிறந்தார்கள். இன்னொன்று. ஊரில் செத்தவீட்டு முற்றத்தில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும்போது பெரியவர்கள் அதட்டுவார்கள், கொஞ்சம் தள்ளிப்போய் விளையாடச் சொல்வார்கள். விளையாட வேண்டாம் என்று சொன்னதை நான் கேட்டதில்லை.

மச்சான் குடும்பம் உயிர்தப்பி முகாமால் வெளியே வந்தது. 2011 இல் மச்சானின் மகன் ரெலிபோனில் கதைத்தான். என் மகளைவிட ஒரு வயது இளையவன். என்ன செய்தீர்கள், எப்படி இருந்தீர்கள் என்று நான் கேட்க, எறிகணை ஓய்ந்த நேரங்களில் பங்கர் மண் அணையின் மேலிருந்து தென்னம்மட்டையில் இருந்து சறுக்கி விளையாடினோம் மாமா என்றான். அம்மா கத்தக் கத்த விளையாடினோம் என்றான். நான் ரெலிபோனை மனைவியிடம் கொடுத்துவிட்டு வெளியே போனேன்.

யாருக்காக என் மகளை மறித்தேன்? அந்தப் பிள்ளைகளுக்காக என்றால், அவர்களே சறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவள் விட்டுக்கொடுத்த ஒரு கிழமை அங்கே யாருக்கும் போய்ச் சேரவில்லை. காசை அனுப்பலாம், மருந்தை அனுப்பலாம், விளையாடாமல் விட்டதை அனுப்பமுடியாது. என் மனச்சாட்சிக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. அதற்கு நான் பதின்மூன்று வயதுப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டேன் என்றே இப்போது எண்ணத் தோன்றுகிறது.

இப்படி எழுதும்போது எனக்குள் ஒரு பயமும் இருக்கிறது. எம்மவர் சிலர் இதை வாசித்துவிட்டு, அப்படியென்றால் கவலையை விட்டுப் பனியில் படம் எடுப்போம் என்று வெளிக்கிட்டுவிடுவார்கள். பிறருடைய காருக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்பிய காலத்தை நாம் மறக்கவில்லைத்தானே. மலை உறுத்தவேண்டும். இன்றும் நிலத்துக்குக் கீழே யாரோ ஒருவர் சட்டி சுரண்டுகிறார். இப்போது பனியையே வேலையாட்கள்தான் செய்கிறார்கள். குளிர்ந்த இரவுகளில் பீரங்கி போன்ற மெசின்கள் தண்ணீரைச் சீறியடித்துச் சரிவுகளை வெள்ளையாக்குகின்றன. 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனியாறுகள் தங்கள் பருமனில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. பெரிய இடங்களில் ஒருநாள் லிப்ற் ரிக்கற்றின் விலையைக் கேட்டால் பல தொழிலாளர் குடும்பங்கள் யன்னலோடு நின்றுவிடும். அந்த உறுத்தல் வேறு, பிள்ளையை அலுமாரிக்குள் வைப்பது வேறு. இரண்டையும் நான் நெடுநாள் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டேன்.

2025 தை மாதத்தில் மூத்தவள் என்னை அல்புலாப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். பேர்க்யூனிலிருந்து ரெயிலில் பிரேடாவுக்கு ஏறி, குளிர்காலத்தில் வாகனத்துக்கு மூடப்படும் மலைப்பாதையால் ஏறத்தாழ ஆறு கிலோமீற்றர் சறுக்குவண்டியில் இறங்கலாம். அந்த ரெயில்பாதை 1903 இல் திறந்தது. ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றிச் சுரங்கங்களுக்குள்ளால் ஏறும். அதை வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் இத்தாலியத் தொழிலாளர்கள். திரும்பிப் போகாதவர்களும் அவர்களில் உண்டு. ரெயிலுக்குள் எல்லோர் மடியிலும் வண்டிகள். என் மடியில் ஐந்து வயதுப் பேத்தி.

"அந்தக் கிழமை நான் கணக்கு வடிவாச் செய்தனான் அப்பா" என்றாள் மகள், யன்னலுக்கு வெளியே பார்த்தபடி. எந்தக் கிழமை என்று நான் கேட்கவில்லை.

"கையெழுத்து வைச்சிருக்கவேணும் பிள்ளை."

"போயிருந்தாலும் அழுதிருப்பன்" என்றாள். "ஆனா அங்க இருந்து அழுதிருப்பன்."

பிரேடாவில் இறங்கினோம். பேத்தியை முன்னால் இருத்தி நான் பின்னால் இருந்தேன். முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு முதற்தடவையாக மலை என் கண் மட்டத்தில் இருந்தது. "பயப்பிடாதேங்கோ அப்பா, குதிக்காலால மறியுங்கோ" என்று பின்னாலிருந்து மகள் கத்தினாள். புல்லுப் பாரம் இறக்கியவர்கள் மறித்த மாதிரித்தான். முதல் வளைவில் மறித்தேன். இரண்டாவதில் மறந்துபோனேன். பேத்தி பெரிய சத்தம் வைத்தாள். நானும் வைத்தேன் என்று மகள் சொல்கிறாள்.

கீழே வந்து சப்பாத்துக்குள் போன பனியைத் தட்டிக்கொண்டிருந்தபோது பேத்தி ரெயில் நிலையப் பக்கமாக வண்டியை இழுக்கத் தொடங்கிவிட்டாள்.

"அம்மப்பா, இன்னொருக்கா."