இரண்டாம் முறை தொட்ட கரம்



மாற்கு 8-ம் அதிகாரம், 22 முதல் 26 வரை வேதத்தைத் திறந்து வாசியுங்கள். பெத்சாயிதா ஊரில் ஒரு குருடனை ஆண்டவரிடத்தில் கொண்டுவருகிறார்கள். ஒரே மனுஷனை அவர் இரண்டு தரம் தொட்டுச் சுகமாக்கினதாக நாம் வாசிக்கிற இடம் இது. முதல் தரம் தொட்டுவிட்டு, என்ன தெரிகிறது என்று கேட்கிறார். அவன் மழுப்பவில்லை. ஆட்கள் நடமாடுகிறது தெரிகிறது, ஆனால் மரமா மனுஷனா என்று பிரிக்க முடியவில்லை என்று உள்ளதைச் சொல்லுகிறான். ஆண்டவர் அவனுடைய அவிசுவாசத்தைக் கடிந்துகொண்டாரா? இல்லை. மறுபடியும் கையை வைத்தார்.

இந்த வசனம் என்னைக் குத்துகிறது. நம் சபைக்கு வந்த ஒரு சகோதரன், கொத்தனார் வேலை, இருபது வருஷக் குடி. உபவாசக் கூட்டத்தில் அழுது ஒப்புக்கொடுத்தார். ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. ஞாயிறு ஆராதனையில் மைக்கை அவர் கையில் கொடுத்தேன். “பாஸ்டர், இன்னும் கை நடுங்குது, பயமா இருக்கு” என்றார். “விசுவாசத்தோட சொல்லுங்க பிரதர், பூரண விடுதலைன்னு சொல்லுங்க” என்றேன். சபையார் கைதட்டி அல்லேலூயா சொன்னார்கள். அடுத்த சனிக்கிழமை கூலி வாங்கின கையோடு கடைக்குப் போய்விட்டார். அவர் மனைவி இரண்டு மாதம் சபைக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனபோது, “எல்லாரும் என்னையே பாக்குறாங்க ஐயா” என்று வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார்கள்.

ஆண்டவர் அந்தக் குருடனிடம் கேட்டார். நானோ கேட்கவில்லை, சொல்லிக்கொடுத்துவிட்டேன். தப்பு என்னுடையது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தினமும் அதிகமாகக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால், இரண்டு மூன்று நாளில் உடம்பு உதறும், வலிப்பு வரலாம், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியலாம். உயிருக்கே ஆபத்து. உடனே பிசாசு என்று முடிவு பண்ணி ஜெப அறையில் உட்கார வைக்காதீர்கள். அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், போகிற வழியில் ஜெபியுங்கள். பவுலோடு இருந்த லூக்காவும் வைத்தியன்தானே! சகோதரிகளே, அவருக்குத் தெரியாமல் குடியை நிறுத்தும் மாத்திரையைக் குழம்பில் கலக்காதீர்கள். அதன்மேல் அவர் குடித்துவிட்டால் இரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம்.

ஆண்டவர் அந்த மனுஷனைக் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனார். சுகமான பிறகும் ஊருக்குள் போகாதே என்றார். 2003-ம் வருஷத்திலிருந்து அரசாங்கமே சில்லறைக் கடை நடத்துகிற நாட்டில், கடை இல்லாத பாதை எது? வேலைத்தலத்திலிருந்து அந்தச் சகோதரன் வீட்டுக்குப் போக இரண்டு பாதை இருக்கிறது. கடை இல்லாத பாதை சுற்று.

இப்போது சனிக்கிழமைதோறும் நம் மூப்பர் ஒருவர் சைக்கிளில் போய், அந்தச் சுற்றுப் பாதையில் அவரோடு பேசிக்கொண்டே வருகிறார். கூலி மனைவி கைக்குப் போய்ச் சேருகிறது. நடுவில் இன்னொரு தரம் விழுந்தார், மறைக்க மாட்டேன். மறுநாளே வந்து சொன்னார். நாங்கள் மறுபடியும் கை வைத்து ஜெபித்தோம்.

மூப்பருக்கு முழங்கால் வலி. ஐந்து மணிக்கு வேலைத்தலத்தில் நிற்க இன்னும் இரண்டு பேர் வேண்டும். ஆராதனை முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.