சேற்றுக்கு ஒரு டயர்

தென் இங்கிலாந்திலே ஸவுத் டவுன்ஸ் குன்றுகளில் குளிர்கால மழை பெய்துவிட்டால் சுண்ணாம்புப் பாதை சோப்பாக வழுக்கும். அங்கே மலைச் சைக்கிள் விடும் என் தங்கை மகனோடு டயர் கடைக்குப் போயிருந்தேன். பற்கள் உயர்ந்து, இடைவெளி விட்டு நிற்கும் டயர்தான் சேற்றுக்கு ஏற்றது; நெருங்கியிருந்தால் களிமண் அப்பிக்கொள்ளும். ஆனால் அதே டயர் ஈரமான மரவேரின் மேல் சறுக்கும். தார் ரோட்டில் இழுக்கும்.

எனக்கு உறுத்தியது வேறு. இவன் விழாமலிருக்கப் பாதை கிழிபட வேண்டுமா? குதிரைப் பாதையில் சைக்கிள் விட 1968-ஆம் வருஷத்துச் சட்டம் உரிமை தந்தது. நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் வழிவிடவும் சொன்னது. மண்ணுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?

"வழுக்குகிற டயரும் பிரேக் போட்டால் உழத்தான் செய்யும், மாமா" என்றான். வாஸ்தவம்.

"தரை காயும்வரை பொறுத்தால் என்ன?" என்றேன். அவன் பேசாமல் டயரை அமுக்கிப் பார்த்தான்.

பணம் கொடுத்தவன் நான்தான். அவன் விழுந்தால் தங்கைக்கு யார் பதில் சொல்வது?