வெள்ளியின் மேல் பழி ஏன்?

மனிதன் தன் கைக்கு எட்டாத பொருள்களுக்கெல்லாம் பெயர் சூட்டினான். பெயர் சூட்டியதில் குற்றம் ஒன்றும் இல்லை. பெயரின்றிப் பேசுதல் இயலாது. ஆயின், தான் சூட்டிய பெயருக்குத் தானே ஒரு குணத்தைக் கற்பித்தான். அக்குணத்திற்கு அதிகாரமும் தந்தான். முடிவில் அதன்முன் கைகட்டி நின்றான். ஒருவனுடைய வறுமைக்கும் வாழ்வுக்கும், ஒரு பெண்ணின் மணத்திற்கும் மனத்துயருக்கும் வானத்து ஒளி ஒன்றைப் பொறுப்பாக்குதல் அறமாகுமா? இக்கேள்வியை ஆராய்வதற்கு வெள்ளி என்னும் கோளினும் தக்க சான்று வேறு இல்லை.

பேராக் மாநிலத்துத் தோட்டத் தமிழருக்கு வெள்ளியை எவரும் அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. 1877ஆம் ஆண்டில் கோலாகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் ஊன்றப்பட்டன. பின்னர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காடுகள் அழிந்து தோட்டங்கள் பெருகின. தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து வந்த நம் முன்னோர் அத்தோட்டங்களில் மரம் சீவினர். மரத்தின் பால் குளிர்ந்த வேளையில் நன்றாகச் சுரக்கும். வெயில் ஏற ஏற ஓட்டம் தளர்ந்துவிடும். ஆதலின் விடியுமுன்னரே பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஆணும் பெண்ணும் மரத்தடிக்குச் சென்றனர். அப்போது கீழ்வானில் மற்ற மீன்களையெல்லாம் மங்கச் செய்து நின்றது விடிவெள்ளி. கடிகாரம் இல்லாத லயத்து வீட்டில் அதுவே கடிகாரம். எட்டரை மாதம் அளவில் காலையில் தோன்றும், சில வாரங்கள் மறையும், பின்னர் மாலையில் மேல்வானில் தோன்றும். 584 நாட்களுக்கு ஒருமுறை இச்சுற்று முடிந்து மீண்டும் தொடங்கும். தோட்டங்கள் பல செம்பனைக் காடாகவும் வீட்டு மனையாகவும் மாறிவிட்ட இந்நாளிலும், அக்காலத்து முதியோரைக் கேட்டால் வெள்ளி முளைக்கும் திசையைக் கைநீட்டிக் காட்டுவர்.

இவ்வொளியை உலக மக்கள் எவ்வாறெல்லாம் கண்டனர் என்று நோக்குவோம். பாபிலோனியர் இதனை இஷ்டார் என்னும் தேவியின் விண்மீன் என்றனர். அவள் காதலுக்கும் தலைவி, போருக்கும் தலைவி. அம்மக்கள் இக்கோள் தோன்றுவதையும் மறைவதையும் 21 ஆண்டுகள் குறித்துவைத்த களிமண் ஏட்டின் படி இன்றும் இலண்டன் காட்சிசாலையில் இருக்கின்றது. கிரேக்கர் முதலில் காலை ஒளிக்கு ஒரு பெயரும் மாலை ஒளிக்கு வேறொரு பெயரும் இட்டனர். இரண்டும் ஒன்றே எனத் தெளிந்தபின் அஃப்ரோடைட்டி என்னும் காதல் தேவிக்கு அதனை உரியதாக்கினர். உரோமர் அவளை வீனஸ் என்றனர். மெக்சிகோவை அடுத்த மாயா மக்களோ இவ்வொளி விடியலில் முதன்முதல் தோன்றும் நாளைக் கேடு விளையும் நாளென அஞ்சினர்.

நம் நாட்டுப் புராணிகர் செய்தது யாது? அவர்கள் இவ்வொளியை ஆடவனாக்கினர். அவன் சுக்கிரன், அசுரர்க்குக் குரு, மாண்டாரை எழுப்பும் மந்திரம் வல்லவன், மாவலி வாமனனுக்கு மூன்றடி மண் ஈயும்போது தடுக்கப் புகுந்து ஒரு கண்ணை இழந்தவன். கொடையைத் தடுத்தவன் என்று கதை சொல்லும் ஒருவனையே செல்வம் கொடுப்பவன் என்று சோதிடம் சொல்லுகின்றது! இவ்விரண்டும் எங்ஙனம் பொருந்தும் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

ஒரே ஒளி. ஒரு நாட்டில் அது பெண்; மற்றொரு நாட்டில் ஆண். ஓரிடத்தில் காதல், ஓரிடத்தில் போர், ஓரிடத்தில் குரு. குணம் அவ்வொளியில் இருந்திருக்குமானால் கண்டவர் அனைவரும் ஒன்றையே கண்டிருப்பர் அன்றோ? அவரவர் நெஞ்சில் இருந்ததை அவரவர் வானத்தில் எழுதினர் என்பதே உண்மை.

இவ்வாறு எழுதியதனால் கலை வளர்ந்தது என்பதை மறுப்பார் இல்லை. 1485ஆம் ஆண்டையொட்டி இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்துப் போட்டிசெல்லி என்னும் ஓவியர், கடலில் சிப்பியின்மேல் நின்று கரை சேரும் வீனஸைத் தீட்டினார். 1820இல் மிலோஸ் தீவில் மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட கையிழந்த பளிங்குச் சிலை பாரிஸ் நகரின் லூவர் காட்சிசாலையில் நிற்கின்றது. அவற்றைக் கண்டு மகிழ்வதற்கு வீனஸ் மெய்யாகவே இருந்தாள் என்று எவரும் நம்ப வேண்டுவதில்லை. கதையைக் கதையாகக் கொண்டால் அது கலை. சட்டமாகக் கொண்டால் விலங்கு.

இனி, அக்கோளின் மெய்யான நிலை யாதெனக் காண்போம். 1610ஆம் ஆண்டின் இறுதியில் கலிலியோ தொலைநோக்கியால் நோக்கி, வெள்ளியும் திங்களைப் போலத் தேய்ந்து வளர்வதைக் கண்டார். அது கதிரவனைச் சுற்றுகின்றது என்பதற்கு அது கண்கூடான சான்றாயிற்று. 1962இல் அமெரிக்கரின் மாரினர் 2 என்னும் கலம் அதனை அணுகிச் சென்று, அங்கே கடும்வெப்பம் நிலவுவதை அறிவித்தது. 1970இல் இரஷ்யரின் வெனேரா 7 அதன் தரையிலேயே இறங்கியது. அங்கே வெப்பம் ஏறத்தாழ 465 டிகிரி. ஈப்போவுக்குப் பெயரும் பொருளும் தந்த கிந்தாவின் வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். வெள்ளிக்கோளின் தரையில் அது குழம்பாக ஓடும். காற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு கரியமிலவாயு. அதன் அழுத்தம் நம் பூமியைப்போல் தொண்ணூறு மடங்கு. மேகமோ கந்தக அமிலம். கதிரவன் ஒளியில் நான்கில் மூன்று பங்கு அளவினை அம்மேகம் திருப்பி அனுப்புவதால்தான் அது அத்தனை வெண்மையாக விளங்குகின்றது. அழகின் தேவி என்று உலகம் போற்றிய முகம் ஓர் அமில மேகத்தின் பளபளப்பு!

இதனை அறிந்ததால் விடிவெள்ளியின் அழகு குறைந்துவிட்டதா? சிறிதும் இல்லை. குறைந்தது அதன் அதிகாரம் மட்டுமே.

அவ்வதிகாரம் நம் மக்களை எவ்வளவு ஆட்டிவைத்தது என்பதைத் தோட்டத்து வாழ்விலேயே காணலாம். மலேசியத் தமிழில் வெள்ளி என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு: ஒன்று வானத்தில் இருப்பது, மற்றொன்று சட்டைப்பையில் இருப்பது. ஒருவனுக்குச் செல்வம் சேர்ந்தால் 'சுக்கிர திசை அடிக்கிறது' என்கிறோம். அப்படியானால், சுக்கிரனை நாள்தோறும் நேருக்குநேர் கண்டவர் யார்? விடியுமுன் எழுந்து வேலைக்குச் சென்ற தொழிலாளரே அல்லரோ? துரைமார் உறங்கிக்கொண்டிருந்தனர். கண்டவர் லயத்தில் இருந்தனர். காணாதவர் மாளிகையில் இருந்தனர். இது சுக்கிரனின் கணக்கு என்றால் அக்கணக்கினும் அநீதியானது வேறு இல்லை.

மெய்யான கணக்கு வேறிடத்தில் எழுதப்பட்டது. 1930ஆம் ஆண்டின் உலக மந்தத்தில் ரப்பர் விலை சரிந்தது. மலாயாவின் முக்கியப் பகுதிகளில் ஆணுக்கு 50 காசாக இருந்த நாட்கூலி 40 காசாயிற்று. பெண்ணுக்கு 40 காசாக இருந்தது 32 காசாயிற்று. அவ்வாண்டில் நம் முன்னோர் பட்டினி கிடந்ததற்குக் காரணம் எந்தக் கோளும் எந்த வீட்டிலும் புகுந்தது அன்று. விலை குறித்தவர் இருந்தனர். கூலி குறைத்தவர் இருந்தனர். ஆனால் லயத்தில் இருந்தவனோ 'என் தலையெழுத்து' என்றான். அவன் அப்படிச் சொன்னவரையில் கூலி குறைத்தவருக்குக் கவலை இல்லை.

பெண்ணின் கூலியை மீண்டும் ஒருமுறை நோக்குக. ஒரே இருட்டில் எழுந்து, ஒரே மரத்தைச் சீவி, ஒரே காண்டாவாளியைச் சுமந்தவளுக்கு ஐந்தில் நான்கு பங்கே கூலி. பெண்ணைத் தேவியென்று வானத்தில் ஏற்றிவைத்த உலகம் மண்ணில் அவளுக்கு அளந்த படி இது. வானநூலாரும் வெள்ளிக்கோளின் மலை, மேடு, பள்ளங்களுக்குப் பெண்பெயர்களையே இடுவதென்று வகுத்தனர். இஷ்டார், அஃப்ரோடைட்டி ஆகியோர் பெயரால் நிலப்பரப்புகளும், நம் இலட்சுமியின் பெயரால் ஒரு பீடபூமியும் அங்கே உள்ளன. எனினும் அவ்விதிக்கு முன்னரே பெயர் பெற்றுவிட்ட மிக உயர்ந்த மலைக்கு மட்டும் மாக்ஸ்வெல் என்னும் ஆடவர் பெயர் நிலைத்துவிட்டது. பெயரால் பெண்ணுக்குக் கோள் முழுதும் கொடுத்தாலும் உச்சியைக் கொடுக்க மறந்துபோகும் உலகம் இது.

கதிரவனுக்கு அருகில் வெள்ளி மறைந்திருக்கும் நாட்களைச் 'சுக்கிர மூடம்' என்று சொல்லி மணவினையைத் தள்ளிவைப்போர் இன்றும் உளர். ஒரு கோள் கதிரவனுக்கு முன்னோ பின்னோ செல்லும்போது நம் கண்ணுக்கு மறைகின்றது, அவ்வளவே. அதற்கும் மணமக்களின் மனஒற்றுமைக்கும் என்ன உறவு? பெண்ணின் சாதகத்தில் சுக்கிரன் கெட்டான் என்று கூறி அவளைக் கழிப்போரை நோக்கிக் கேட்கிறோம்: அவளுடைய குணத்தையும் கல்வியையும் உழைப்பையும் நீங்கள் ஏன் நோக்கவில்லை?

'ஏழைக்கு விதி ஓர் ஆறுதல், அதையும் பறிப்பானேன்?' என்பார் சிலர். இது எளிதில் ஒதுக்கத்தக்க வாதம் அன்று. துன்பத்தின் நடுவே மூச்சுவிட ஒரு சாக்கு வேண்டும் என்பதை அறிவோம். ஆயினும் நோயாளிக்கு உறக்கம் தரும் மருந்து நோயைத் தீர்ப்பதில்லை. உறங்கி எழுந்தபின் வைத்தியனிடம் போகாதபடி தடுக்கும் மருந்து, மருந்தே அன்று.

மற்றும் சிலர், 'இவ்வாராய்ச்சி மேனாட்டார் சரக்கு. நம் மரபுக்கு ஒவ்வாது' என்பர். அவர்கள் சிந்தாமணி இரகுநாதாச்சாரியார் பெயரைக் கேட்டறிய வேண்டும். அவர் சென்னை வானாய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தவர். 1874 டிசம்பர் 9ஆம் நாள் வெள்ளி கதிரவனின் முகத்தைக் கடந்து சென்றதை நம் மக்களுக்கு விளக்க, முன்னதாகவே சிறுநூல் எழுதி ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் வெளியிட்டார். கண்ணால் காணும் வானத்தோடு பஞ்சாங்கம் ஒத்திருக்க வேண்டும் என்று வாதாடிய அவர் திருக்கணிதப் பஞ்சாங்கத்திற்கு வழிகாட்டினார். மரபினுள் பிறந்தவரே மரபின் கணக்கைத் திருத்தினார். 2012 ஜூன் 6ஆம் நாள் காலையில் பேராக்கில் கதிரவன் எழும்போதே அதன் முகத்தில் வெள்ளி ஒரு கரும்புள்ளியாக ஊர்ந்தது. அதுபோன்ற காட்சி இனி 2117ஆம் ஆண்டில்தான். அந்நாளைக்கூட இன்றே குறித்துச் சொல்லுவது கணக்கு; அன்று எவனுக்குச் செல்வம் வரும் என்று அது சொல்லாது.

இன்னும் பழைய மரபையே வேண்டுவோர் சங்க நூலைத் திறக்கட்டும். வெள்ளி தென்திசைக்குச் சென்றால் மழை பொய்க்கும் என்பது அக்காலத்து நம்பிக்கை. புறநானூற்றின் 35ஆம் பாட்டில் வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனை நோக்கிப் பாடுகிறார். வெள்ளி தெற்கே போனாலும் காவிரி வந்து ஊட்டும் நாடு என்று அவனது நாட்டைப் புகழ்கிறார். பின்னர், மழை தவறினாலும் விளைவு குறைந்தாலும் உலகம் பழிப்பது அரசனையே என்று அவன் முகத்துக்கு நேரே கூறுகிறார். உழவரின் பாரத்தை நீக்கென்று வேண்டுகிறார். செய்க்கடன் அப்போது நீக்கப்பட்டது என்று அப்பாட்டின் பழங்குறிப்பு சொல்லுகின்றது. புலவர் வெள்ளியின் மேல் பழி போட்டிருந்தால் அரசன் மகிழ்ந்து தலையாட்டியிருப்பான், கடன் நீங்கியிராது. பொறுப்பு உடையவனிடம் பொறுப்பைக் கேட்டதே அப்புலவரின் பெருமை.

அவ்வழியைப் பேராக் மண்ணும் கண்டது. நாட்டு விடுதலையின் காலத்தில் அன்னிய முதலாளிகள் தோட்டங்களை விற்க, வாங்கியோர் துண்டாடினர். தொழிலாளர் வேலையும் வீடும் இழந்தனர். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்திய பணத்தால் தோட்டங்கள் வாங்கப்பட்டன. எவருடைய சாதகத்திலும் எழுதியிராத செயல் இது. வானத்து வெள்ளி தராததைக் கையிலிருந்த வெள்ளி ஒன்றுசேர்ந்து தந்தது.

ஆதலின் தோழர்களே! விடிவெள்ளியைப் பாருங்கள், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், அதன் கதைகளையும் சொல்லுங்கள், அதன் வெப்பத்தையும் சொல்லுங்கள். ஆனால் கூலி குறைந்தால் அதனைக் கேளாதீர், குறைத்தவரைக் கேளுங்கள். மகளின் மணத்திற்கு அதனைக் கேளாதீர், மகளைக் கேளுங்கள்.