வீட்டின் முழுக் கணக்கு

கோபுரம் கட்டத் துணிந்தவன் செலவை முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பதைச் சேசுநாதர் சுவாமி உவமையாகச் சொன்னார். வீடு கட்டுமுன் நாமும் பணத்தை எண்ணுகிறோம். பூமி கொடுக்கும் விலையை எண்ணுகிறோமா?

சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 1,450 டிகிரி வெப்பத்தில் சுடுகிறார்கள். சூளை நெருப்பு மட்டுமல்ல, வேகும் கல்லே கரியமில வாயுவை வெளிவிடுகிறது. கல் வெட்டுவது முதல், குடியிருக்கையில் செலவாகும் மின்சாரம், கடைசியில் இடித்துக் கொட்டும் குப்பை வரை கூட்டிப் பார்ப்பதே 'வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு'. இதற்கான சர்வதேசத் தர விதி 1997-ல் வெளிவந்தது.

"கண்ணுக்குத் தெரியாத தீங்குக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?" என்பீர்கள். அறிய வழியில்லாதவன்மேல் குற்றமில்லை. வழியிருந்தும் அறிய மனமில்லாதவனோ குற்றவாளியே என்பது திருச்சபையின் போதனை. சர்வேசுரன் தந்த பூமி பின்வரும் சந்ததிக்கும் உரியது என்பதைப் பாப்பரசர் பிரான்சிஸ் 2015-ல் 'லவுதாத்தோ சி' நிருபத்தில் நினைவூட்டினார்.

ஆகையால், உறுதியாயிருக்கும் பழைய வீட்டை இடிக்காமல் பழுது பாருங்கள். இடித்தால் அந்த விலையைப் பூமி மறுபடியும் கொடுக்க வேண்டும். புதிதாகக் கட்ட நேர்ந்தால், தேவைக்குமேல் கட்டாதீர்கள். காற்றும் வெளிச்சமும் தாராளமாய் வரச் சன்னல் வையுங்கள். நம் பிள்ளைகளுக்கு வீட்டோடு பூமியையும் விட்டுச் செல்வோமாக.